மனுவில் உன் கையெழுத்து போதும்

"ஒரு போன் போட்டேன்னா போதும், உன்ன ஃப்ளைட் ஏத்தி அனுப்பிடுவாங்க."

தங்கையே, இந்த மிரட்டலை நீ எத்தனை இரவுகள் கேட்டிருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. நியூ ஜெர்சி எடிசனில் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் கேட்டிருக்கலாம். டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் புதிதாகக் கட்டிய தனி வீட்டில் கேட்டிருக்கலாம். பாஸ்போர்ட் அவன் பெட்டியில் இருக்கும். வங்கிக் கணக்கு அவன் பெயரில் இருக்கும். உன் போனின் கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியும். அடித்த அடியைவிட இந்த ஒரு வாக்கியம்தான் உன்னை அந்த வீட்டுக்குள் கட்டிப்போட்டிருக்கிறது.

அந்த வாக்கியம் பொய். அமெரிக்கச் சட்டத்தில் மனைவியை நாடு கடத்தும் அதிகாரம் எந்தக் கணவனுக்கும் தரப்படவில்லை. கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால் அரசு வழக்குத் தொடுக்க வேண்டும். குடிவரவு நீதிபதி விசாரித்து உத்தரவிட வேண்டும். அவன் செய்வதாகச் சொல்லும் அந்த ஒரு போன் கால் இந்த இரண்டில் எதையும் செய்யாது. இத்தனை நாளும் அவன் உன்னை ஆண்டது சட்டத்தால் அல்ல, சட்டத்தை நீ அறியாததால். அதை இன்றைக்கே முடித்துவிடுவோம். நிமிர்ந்து உட்கார்ந்து படி.

கணவனின் கையில் கடிவாளம் இருந்த காலம் ஒன்று உண்டு, மறுக்கவில்லை. குடும்ப வழியில் கிரீன் கார்டு என்றால் மனுப்போட வேண்டியவன் கணவன். அவன் போட்டால் உண்டு, திரும்பப் பெற்றால் போச்சு. 1986இல் கள்ளத் திருமணங்களைத் தடுக்கிறோம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் கிரீன் கார்டு கிடைத்தால் அது நிபந்தனையோடு கூடிய இரண்டு ஆண்டு கார்டுதான்; அதன் முடிவில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுக்கொடுத்தால்தான் நிரந்தரமாகும் என்றது அந்தச் சட்டம். அந்தக் கையெழுத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மனைவியை அடித்தார்கள். அடிபட்ட பெண்களும் அவர்களுக்காக நின்ற வழக்கறிஞர்களும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1990இல் சட்டம் திருத்தப்பட்டது: கொடுமைக்கு ஆளானவர் கணவனின் கையெழுத்தில்லாமல் தனியாகவே நிபந்தனையை நீக்கக் கேட்கலாம். 1994 செப்டம்பரில் அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட 'பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம்' அதற்கும் மேலே போனது. வழக்கறிஞர்கள் அதைச் சுருக்கமாக 'வாவா' என்பார்கள். கிரீன் கார்டுக்கான முதல் மனுவையே பாதிக்கப்பட்டவள் தன் கையால் போடலாம் என்றது வாவா. கணவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவன் சம்மதம் தேவையில்லை, அவன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. 2000, 2005, 2013, 2022 என நாலு முறை அந்தச் சட்டம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கட்சி அதிபர்களும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இது யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை இல்லை. உன்னைப் போன்ற பெண்கள் கேட்டு வாங்கிய உரிமை. அதை எடுத்துக்கொள்ளக் கூச்சப்படாதே.

அந்த மனுவின் பெயர் ஐ-360. யார் போடலாம்? கொடுமை செய்தவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இருந்தால் அவருடைய மனைவி போடலாம், கணவனும் போடலாம். ஆமாம், ஆண்களும்தான். மனைவியிடம் அடிபடுகிறேன் என்று சொல்ல நாணி உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் தம்பிக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. பெற்றவரால் கொடுமைக்குள்ளான பிள்ளைகளும் போடலாம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து, 21 வயது நிரம்பிய குடிமகனான சொந்த மகனிடமே அவமானமும் அடியும் படுகிற தாய் தகப்பனும் போடலாம். உன் மனுவிலேயே 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத உன் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த மனுவுக்கு அரசு கட்டணம் கேட்பதில்லை. கையில் பத்து டாலர்கூட இல்லையே என்று நினைத்து நின்றுவிடாதே.

"அவர் என்னை அடிச்சதில்லையே, வாயாலதானே..." என்று தயங்குகிறாயா? சட்டம் அடியை மட்டும் பார்க்கவில்லை. 'கடுங்கொடுமை' என்று அது சொல்வதில் மனத்தை நொறுக்குவதும் அடங்கும். விருப்பமில்லாத உறவுக்கு வற்புறுத்துவதும் அடங்கும். பெற்றோரிடம் பேசவிடாமல் தனிமைப்படுத்துவது, காசில்லாமல் வைப்பது, ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று ஓயாமல் மிரட்டுவது எல்லாமே அந்தக் கணக்கில் வரும். உன்னை நடுங்கவைத்த அதே மிரட்டல் உன் மனுவில் ஆதாரமாக நிற்கும். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடாதே. பத்திரமாக ஓரிடத்தில் சேர்த்துவை.

போலீஸ் ரிப்போர்ட் இல்லையே, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லையே என்பது அடுத்த பயம். இங்கே சட்டம் உன் பக்கம் ஒரு படி இறங்கி வருகிறது. நம்பத்தகுந்த எந்தச் சான்றையும் அதிகாரிகள் பரிசீலிக்க வேண்டும் என்பது வாவாவின் விதி. பூட்டிய வீட்டுக்குள் நடப்பதற்கு ரசீது கிடைக்காது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். உன் சொந்த வாக்குமூலம்தான் முதல் சான்று. தேதி வாரியாக, நடந்தது நடந்தபடி, உன் மொழியில் எழுது. தமிழிலேயே எழுதி மொழிபெயர்ப்பை இணைக்கலாம். அடுத்த வீட்டுக்காரர் கேட்ட சத்தம், ஊரிலிருந்து அக்கா வீடியோ காலில் பார்த்த கன்றிய கன்னம், மனநல ஆலோசகரின் கடிதம், காப்பகத்தின் கடிதம், ஒளிப்படங்கள் எல்லாம் சான்றுதான். திருமணம் உண்மையானது, நல்ல நோக்கத்தோடு நடந்தது என்றும் நிறுவ வேண்டும். பெரியவர்கள் பார்த்து நடத்திய கல்யாணத்தில் அதற்கா பஞ்சம்? நிச்சயதார்த்தப் படங்கள், பத்திரிகை, மண்டப ரசீது, கல்யாணத்துக்கு முன் இருவரும் பேசிக்கொண்ட செய்திகள், பிறகு சேர்ந்து இருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என்று எத்தனையோ இருக்கும். சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். உன் நன்னடத்தைக்கு, கடந்த மூன்று ஆண்டுகளில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வசித்த ஊர்களிலிருந்து போலீஸ் சான்று வாங்க வேண்டும். வேலை நிறைய இருக்கிறது, ஒளிக்கவில்லை. பத்து பேருக்குச் சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்து, அவன் முகக்குறி பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நாளையும் தாண்டியவள் நீ. ஒரு கோப்பை அடுக்கும் திறமை உனக்கு இல்லாமல் போகுமா?

இன்னொன்று. நடக்காததை ஒரு வரிகூடச் சேர்க்காதே. "கொஞ்சம் கூட்டி எழுதினாத்தான் கிடைக்கும்" என்று சொல்லும் தரகனை வாசலிலேயே திருப்பி அனுப்பு. பொய்யான மனு உன்னையும் கெடுக்கும், உனக்குப் பின்னால் உண்மையாக வரப்போகும் பெண்களையும் கெடுக்கும். உண்மை மட்டுமே உனக்குப் போதுமான பலம்.

"மனுப்போட்டா அவருக்குத் தெரிஞ்சிடுமே!" தெரியாது. 1996இல் வந்த ஒரு சட்டப்பிரிவு குடிவரவுத் துறையின் வாயைப் பூட்டியிருக்கிறது. உன் மனுவைப் பற்றி அவனிடம் மட்டுமில்லை, சட்டம் அனுமதித்த சிலரைத் தவிர வெளியார் யாரிடமும் சொல்லக் கூடாது. வேண்டுமென்றே மீறும் அதிகாரிக்கு 5,000 டாலர் வரை அபராதமும் துறை நடவடிக்கையும் உண்டு. அதே பிரிவு இன்னொரு காவலும் தருகிறது: கொடுமைக்காரன் கொடுத்த தகவலை மட்டும் வைத்துக்கொண்டு உனக்கு எதிராக முடிவெடுக்க முடியாது. "அவ பொய்க் கல்யாணம் பண்ணி வந்தவ" என்று அவன் எழுதிப்போடும் புகாரை மட்டும் நம்பி உன் கோப்பை மூட முடியாது. கடிதங்கள் வீட்டுக்கு வந்தால் சிக்கல் என்றால், மனுவிலேயே பாதுகாப்பான வேறொரு அஞ்சல் முகவரி தர இடம் இருக்கிறது. வழக்கறிஞரின் முகவரியைக் கொடுக்கலாம்.

விவாகரத்தைப் பற்றிய ஒரு கெடுவை மட்டும் மறந்துவிடாதே. விவாகரத்து ஆகிவிட்டாலும், அதற்கும் கொடுமைக்கும் தொடர்பு இருந்தால், தீர்ப்பு நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் இந்த மனுவைப் போடலாம். இரண்டு ஆண்டு தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். மனு ஏற்கப்படுவதற்கு முன் மறுமணம் செய்துகொண்டாலும் மூடிவிடும். ஏற்கப்பட்டபின் அந்தத் தடை இல்லை. மனு ஏற்கப்பட்டால் வேலை செய்யும் அனுமதி கிடைக்கும். கணவன் குடிமகனாக இருந்தால் கிரீன் கார்டுக்கு உடனேயே விண்ணப்பிக்கலாம். அவன் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் வரிசையில் காத்திருக்க நேரலாம். அவன் வருமானச் சான்றோ உறுதிமொழிப் பத்திரமோ உனக்கு வேண்டியதில்லை.

உன்னிடம் இரண்டு ஆண்டு நிபந்தனைக் கார்டு இருக்கிறதா? உனக்கானது ஐ-751. சாதாரணமாக, கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து போடுவது. கொடுமையைக் காரணம் காட்டி நீ தனியாகப் போட்டால் அந்த 90 நாள் வரைமுறை உனக்கு இல்லை. முன்பே போடலாம், விவாகரத்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். "கார்டு முடியட்டும், நீ எங்க போறேன்னு பாக்கறேன்" என்று அவன் காலண்டரைக் காட்டிச் சிரிக்கிறானா? அவனுக்கு முன்பாக நீ மனுவைப் போட்டுவிட முடியும். கார்டை வெறுமனே காலாவதியாக மட்டும் விடாதே.

இனி எச்-4 விசா. நம் பெண்களில் பலர் நிற்பது இங்கேதான். சட்டம் மெலிந்திருப்பதும் இங்கேதான். கணவன் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான்; ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பால் இந்தியர்களுக்கான வேலைவழி கிரீன் கார்டு வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது; அந்த வரிசை முழுக்க அவன் பெயருக்குக் கீழே உன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் குடிமகனும் இல்லை, நிரந்தரவாசியும் இல்லை என்பதால் ஐ-360 உனக்குப் பொருந்தாது. இது அநியாயம். ஒரே அடி, ஒரே அழுகை, ஆனால் அடித்தவனின் விசாவைப் பார்த்துத்தான் பாதுகாப்பு என்றால் அதில் என்ன நீதி இருக்கிறது? இதை மாற்றக் குரல் கொடுக்க வேண்டியது நம் சமூகத்தின் கடமை.

ஆனால் வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. எச்-4 போன்ற சார்பு விசாவில் வந்து கொடுமைக்கு ஆளானவர்களுக்குத் தனி வேலை அனுமதி தரும் பிரிவை 2005ஆம் ஆண்டுப் புதுப்பிப்பே சேர்த்துவிட்டது. அதற்கான படிவம் ஐ-765வி நடைமுறைக்கு வர 2017 ஆகிவிட்டது. இரண்டு ஆண்டுக்கு வேலை செய்யும் அனுமதி அது. குடியிருப்பு உரிமை தராது. ஆனாலும் உன் கையில் உன் சம்பளம் வரும். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதே. நீ பொறியியல் படித்தவளா, செவிலியரா, கணக்காளரா? ஊரில் வாங்கிய பட்டத்தைத் தூசு தட்டு. எச்-4இலிருந்து மாணவர் விசாவுக்கோ சொந்தமாக எச்-1பிக்கோ மாறலாம். கணவனுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டால், அப்போதும் நீ அவன் மனைவியாக இருந்தால், வாவாவின் வாசல் உனக்கும் திறக்கும். இதனால்தான் சொல்கிறேன்: எச்-4இல் இருப்பவள் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. தீர்ப்பு வந்துவிட்டால் எச்-4 அந்தஸ்தும் அதோடு போய்விடும். கோபத்தில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வழி தேடுவதைவிட, வழியைப் பார்த்துவைத்துக்கொண்டு கையெழுத்துப் போடு.

எந்த விசாவில் இருந்தாலும், விசாவே இல்லாவிட்டாலும் கேட்கக்கூடியது யு விசா. 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை போன்ற குற்றங்களால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவியவர்களுக்கானது. அடித்தவன் யார், அவன் விசா என்ன என்று அது கேட்பதில்லை. போலீஸோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ நீ உதவியதாகச் சான்றொப்பம் தர வேண்டும். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் என்பதால் வரிசை மிக நீளம். உண்மையான மனு என்று தெரிந்தால் காத்திருக்கும் காலத்தில் வேலை அனுமதி தரும் ஏற்பாடு 2021இல் வந்தது. யு விசாவில் மூன்று ஆண்டு தொடர்ந்து இருந்தபின் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே 911 என்ற அவசர எண்ணை அழைக்கும் நாளில், வந்த அதிகாரியின் பெயரையும் புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொள். மாநில நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்க உன் விசா நிலை ஒரு தடையே இல்லை. ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது என்று நீதிபதிக்குப் பட்டால் அவன் தரப்பைக் கேட்பதற்கு முன்பே, அன்றைக்கே, தற்காலிக ஆணை கிடைக்கும்.

சட்டம் இருப்பது வேறு, அதை நடத்துகிறவர்களின் மனப்போக்கு வேறு என்பதையும் தெரிந்துகொள். ஆட்சி மாறினால் கெடுபிடி மாறும், பரிசீலனை நீளும், மறுக்கப்பட்ட மனு சில சமயம் வெளியேற்ற வழக்காகத் திரும்பும். பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. தகுதியுள்ள வழக்கறிஞரோடு, அல்லது நீதித்துறை அங்கீகாரம் பெற்ற அமைப்பின் பிரதிநிதியோடு போ என்கிறேன். கோயில் வாசலில் விசிட்டிங் கார்டு நீட்டும் 'இமிக்ரேஷன் கன்சல்டன்ட்' இதற்கு ஆள் இல்லை.

பத்து ஆண்டு கிரீன் கார்டே கையில் இருக்கிறது என்றால், தங்கையே, நீ ஏன் நடுங்குகிறாய்? விவாகரத்தால் மட்டும் அது போகாது. அவன் கடிதம் எழுதினாலும் போகாது. கார்டின் தேதி முடிந்தாலும் உன் உரிமை முடிவதில்லை. கார்டைப் புதுப்பித்தால் போதும். அவன் கிழித்தாலோ ஒளித்தாலோ மாற்றுக் கார்டுக்கு ஐ-90. உன் அடையாள எண்ணை, அந்த ஒன்பது இலக்கங்களை, மனப்பாடம் செய். உன் பெயரிலுள்ள குடிவரவுக் கோப்பின் நகலை அரசிடமிருந்தே தகவல் உரிமைச் சட்டப்படி நீ கேட்டு வாங்கலாம். அவன் எதை எழுதி மனுப்போட்டான் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

இன்னும் ஒன்று பலருக்குத் தெரியாது. குடும்ப வழியில் உன்னை அழைத்தபோது அவன் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பான், ஐ-864. உன்னை வறுமைக் கோட்டின் 125 சதவீத அளவுக்குத் தாங்குவேன் என்று அரசிடம் கொடுத்த வாக்கு அது. விவாகரத்து அந்தக் கடமையை முடிப்பதில்லை. நீ குடியுரிமை பெறும்வரை, அல்லது சுமார் பத்து ஆண்டு வேலைக்கணக்கு சேரும்வரை அது நிற்கும். நீ நீதிமன்றத்தில் கேட்கலாம். "நான் இல்லேன்னா உனக்குச் சோறு ஏது?" என்றானே, அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பதில் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது.

உரிமையோடு கடமையும் வரும், அதில் கறாராக இரு. 18 வயது ஆனவர் கார்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வீடு மாறினால் பத்து நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; அவனுக்குத் தெரியாமல் மாறினாலும் அரசுக்குத் தெரிவி. கணினியில் உன் குடிவரவுக் கணக்கை அவன்தான் தொடங்கினான் என்றால், புது மின்னஞ்சலில் உனக்கென்று ஒன்று தொடங்கிக்கொள். உலகில் எங்கே வருமானம் வந்தாலும் வரிக்கணக்கில் காட்ட வேண்டும். அவன் நீட்டும் வரிப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, தனியாகத் தாக்கல் செய்யவும் உனக்கு வழியுண்டு. தேர்தலில் வாக்களிக்காதே, எந்த விண்ணப்பத்திலும் குடிமகள் என்று தவறியும் குறிக்காதே. சில மாநிலங்கள் கஞ்சாவை அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் அது குற்றம்தான். குடியுரிமை இல்லாதவருக்கு அது பெரிய ஆபத்து.

அடிதாங்காமல் நீ தள்ளிவிட்டாய், நகம் பட்டது, அவன் முந்திக்கொண்டு 911ஐ அழைத்தான். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவன் அவன், கைவிலங்கு உனக்கு. இப்படியும் நடக்கிறது. அந்த நேரத்தில், "ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு உள்ளவரையும் வெளியேற்ற வழக்குப் போடலாம். பாதுகாப்பு ஆணையை மீறினாலும் அப்படியே. 2010இல் படிலா எதிர் கென்டக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று குடியுரிமை இல்லாத கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை. மொழிபெயர்ப்பாளரைக் கேள். அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லிக் கேள். நீதான் உண்மையில் பாதிக்கப்பட்டவள், வன்முறையின் மூலகாரணம் நீ இல்லை என்று காட்ட முடிந்தால், அந்த வழக்கிலிருந்து விலக்கும் சட்டத்தில் உண்டு.

அடுத்தது நம் ஊரில் நடப்பது. "தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டு வரலாம்" என்று சென்னைக்கு அழைத்துவந்து, பாஸ்போர்ட்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டு அவன் மட்டும் விமானம் ஏறிவிடுகிறான். விட்டுவிட்டுப் போனால் உரிமை போய்விடும் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கை உடை. முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார், பிறகு புதுப் பாஸ்போர்ட். கார்டு தொலைந்த நிரந்தரவாசி வெளியேறி ஓர் ஆண்டு ஆகவில்லை என்றால், ஐ-131ஏ படிவத்தின் வழியாக அமெரிக்கத் தூதரகத்தில் பயண அனுமதி பெற்றுத் திரும்பலாம். நாளை ஒத்திப்போடாதே, ஓர் ஆண்டு தாண்டினால் பாதை மிகக் கடினம். ஆறு மாதம் தாண்டினாலே பின்னாளில் குடியுரிமைக்கான கணக்கில் தடை வரலாம். திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி ஒரு படிவத்தை நீட்டி, உரிமையைக் கைவிடுவதாகக் கையெழுத்துக் கேட்டால் போடாதே. நீதிபதி முன் சொல்கிறேன் என்று சொல். அது உன் உரிமை. கொடுமை அமெரிக்காவில் ஒருமுறையாவது நடந்திருந்தால், இந்தியாவில் இருந்தபடியும் வாவா மனுப் போடலாம்.

கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் இருக்கும் அம்மா அப்பாக்களே, உங்களிடமும் பேச வேண்டும். நள்ளிரவில் மகள் போனில் விசும்பும்போது "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்கிறீர்கள். சரியாகவில்லை. நீங்கள் பொறுக்கச் சொன்ன ஒவ்வொரு மாதமும் அவனுக்குக் கூடுதல் துணிச்சலைக் கொடுத்திருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்ற கவலையில் நூறு பவுன் போட்டு அனுப்பிய மகளை அடிவாங்க விட்டுவைத்திருக்கிறீர்கள். இனி அவள் அழைத்தால் அறிவுரை சொல்லாதீர்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அவள் அனுப்பும் படங்களைச் சேமியுங்கள், கல்யாண ஆல்பத்தையும் பத்திரிகையையும் பிரதி எடுத்து அனுப்புங்கள். அவள் கேட்கும் சத்தியக் கடிதத்தில் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெற்றவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இன்றைக்கு அதுதான்.

வீட்டைவிட்டு இறங்கினால் எங்கே போவேன் என்கிறாயா? உனக்கு முன்னால் இறங்கியவர்கள் இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். 1985இலேயே நியூ ஜெர்சியில் தெற்காசியப் பெண்கள் சிலர் கூடி 'மானவி' அமைப்பைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் தெற்காசியப் பெண்களுக்கென்று இந்த வேலையில் முதலில் இறங்கியது அதுதான். 1989இல் நியூயார்க்கில் 'சகி' வந்தது. 1991இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 'மைத்ரி' வந்தது. சிகாகோவில் 'அப்னா கர்', அட்லாண்டாவில் 'ரக்ஷா', ஹூஸ்டனில் 'தயா' இருக்கின்றன. புடவை கட்டிய பெண்ணையும் மாமியார் என்ற சொல்லையும் இவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டுக்குடும்பத்தில் அடி எங்கிருந்தெல்லாம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பாதையின் முடிவையும் பார்த்துவிடு. கிரீன் கார்டு பெற்றவர் பொதுவாக ஐந்து ஆண்டு கழித்துக் குடியுரிமை கேட்கலாம். குடிமகனின் துணைவருக்கு மூன்று ஆண்டு, ஆனால் அவரோடு சேர்ந்து வாழ வேண்டும். குடிமகனான கணவனின் கொடுமையால் கிரீன் கார்டு பெற்றவள் அவனைப் பிரிந்திருந்தாலும் அதே மூன்று ஆண்டில் கேட்கலாம் என்று 2000ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. குடிமகளானபின் உன் அம்மாவையும் அப்பாவையும் அழைக்கும் மனுவை நீ போடலாம். அவர்கள் வந்திறங்கும்போது நீ வேலைக்குப் போகிறவளாக, சாவி தன் கைப்பையில் உள்ளவளாக விமான நிலையத்தில் நிற்பாய். இதைக் கற்பனை செய்து பார்க்கக்கூட உனக்கு யாரும் அனுமதி தரவில்லை இத்தனை நாளாய். அனுமதி கேட்காதே. நினை. துணிந்து நினை.

இப்போது செய்ய வேண்டியது. அவன் பார்க்காத போனிலிருந்து, தோழியுடையதாகவோ நூலகத்துடையதாகவோ இருக்கட்டும், 1-800-799-7233 என்ற எண்ணை அழை. 1996 முதல் இயங்கும் தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, விசாவையும் கேட்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 911. எடுப்பவர் ஆங்கிலத்தில்தான் தொடங்குவார், தடுமாறாதே. "டமில்" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு இணைப்பில் காத்திரு, மொழிபெயர்ப்பாளரை வரவழைப்பார்கள். பிறகு முதல் அடியிலிருந்து சொல்லத் தொடங்கு.